கோலப்புள்ளியில் ஒரு கணக்கு

திருநகர், மதுரை
மார்கழி 12

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே காலத்தை ஓட்டாமல் டாக்டரைப் போய்ப் பார். எனக்குச் சர்க்கரைதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை, மற்றபடி சுகம்.

தங்கச்சி பேத்தி பதினொன்றாம் வகுப்பு. போன வாரம் அணிக்கோவைப் பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எண்களைக் கட்டமாக அடுக்கி ஒரே எண்ணாகச் சுருக்கும் கணக்கு, அதுதான். "குறுக்கே பெருக்கிக் கழிக்கத் தெரியுது தாத்தா. கழிச்சா வர்ற நம்பர் என்னதுன்னுதான் தெரியல." எனக்குச் சுருக்கென்றது. நாமும் மூணு வருஷம் அப்படித்தானே பெருக்கிக் கழித்தோம்! நாலுக்கு நாலு அணிக்கோவையில் ஒரு கழித்தல் குறியைத் தின்றுவிட்டு முட்டை வாங்கினேனே, அன்றைக்குக்கூட அது எதை அளக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் விடியலில் வாசலில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு புள்ளியில் தொடங்கி வலப்பக்கம் மூன்று, மேலே ஒன்று தள்ளி ஒரு கோடு. அதே புள்ளியிலிருந்து வலப்பக்கம் ஒன்று, மேலே இரண்டு தள்ளி இன்னொன்று. இரண்டையும் பக்கமாக வைத்து இணைகரத்தை மூடச் சொன்னேன். நிரைகள், அதாவது கிடைவரிசைகள், (3, 1), (1, 2). அணிக்கோவை 3 × 2 − 1 × 1, அதாவது 6 − 1 = 5. உள்ளே எண்ணினாள்: நாலு புள்ளி. "ஒண்ணு குறையுதே?" மூலைப் புள்ளிகளில் உள்பக்கம் விழும் துண்டுகளைச் சேர்க்கச் சொன்னேன். நாலு கோணமும் சேர்ந்து 360 பாகை, ஒரு முழுப் புள்ளி! கோலமாவுக் கையோடு நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்த 5 இணைகரத்தின் பரப்பு. நிரைகளை இடம் மாற்றினால் −5. பரப்பு அதேதான், சுற்றும் திசை மட்டும் திரும்பும். நான் தின்ற குறிக்கும் இப்படி ஒரு அர்த்தம் இருந்திருக்கிறது, பார்.

அணிக்கோவை பூச்சியமானால் என்ன ஆகும் என்று காட்டப் பருத்திப்பால் கடைக் கணக்கைச் சொன்னேன். நேற்று ரெண்டு பருத்திப்பால், ஒரு வடை. இன்று நாலு பருத்திப்பால், ரெண்டு வடை. 2 × 2 − 1 × 4 = 0. இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிடும், பரப்பே கிடையாது. இன்றைய பில் நேற்றையதைப்போல் இருமடங்கு என்றால் பழைய சேதிதான், வடை விலை பிடிபடாது. இருமடங்கு இல்லையென்றால் கடைக்காரரிடம்தான் கேட்கணும்.

நம் புத்தகத்தில் அணி, அதாவது அந்த எண் கட்டம், முதலில், அணிக்கோவை பிறகு. நடந்தது தலைகீழ். ஜப்பானில் செகி என்ற கணித அறிஞர் 1683-இலும் ஜெர்மனியில் லைப்னிட்ஸ் 1693-இலும் அணிக்கோவையைக் கையில் எடுத்துவிட்டார்கள். அணிக்கு மேட்ரிக்ஸ் என்று ஆங்கிலேயக் கணித அறிஞர் சில்வெஸ்டர் பேர் வைத்தது 1850-இல்தான். லத்தீனில் கருப்பை என்று பொருள். அணிக்கோவைகள் பிறக்கும் இடமாம். பிள்ளை பிறந்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கழித்துத் தாய்க்குப் பேர் சூட்டியிருக்கிறார்கள்!

இப்போது அவளுக்கு வேறு பைத்தியம். உள்ளே ஒரு புள்ளிகூட விழாமல் எவ்வளவு நீளத்துக்கு இணைகரம் இழுக்கலாம்? (2, 1), (1, 1) என்று போட்டாள். அணிக்கோவை 1, உள்ளே காலி. (100, 99), (101, 100) என்று வைத்தாலும் 10000 − 9999, அதே ஒன்று. அதை வரைய வாசல் போதாது, தெரு முழுக்கத் தெளிக்கணும் என்கிறாள்.

முழங்காலைச் சரிபண்ணிக்கொண்டு பொங்கலுக்கு வா. புள்ளி வைக்க ஆள் வேண்டும்.

உன்
பங்காளி