பஃபலோ அணி குறித்து மொன்றியல் நண்பனுக்கு

ஸ்காபரோ,
17.08.2025

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நீயும் வீட்டாரும் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. இங்கும் எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் படியேறும்போது முறுமுறுக்கிறது. அதைப் பற்றி எழுதி உன் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. உன் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தை நான் நான்கு தடவை வாசித்தேன். அதற்கு மறுமொழி எழுதாமல் என்னால் வேறு எதையும் எழுத முடியாது.

பஃபலோ சேபர்ஸ் என்ற பனி ஹொக்கி அணியை அடியோடு கலைத்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதன் முன்னணி வீரர்களான டாலீன், தொம்சன், டக் மூவரையும் நல்ல விலைக்குக் கொடுத்து, டிராஃப்ட்டின் (அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்வின்) முதல் சுற்றுத் தெரிவுகளாகச் சேர்த்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகள் கடைசி இடத்தில் கிடந்தாலும் பரவாயில்லை, பிறகு புதிதாக எழும்பலாம் என்பது உன் வாதம். மொன்றியல் அதைத்தானே செய்தது என்றும் கேட்கிறாய். உன் அணியின் இன்றைய நிலையைப் பார்த்து நான் உண்மையாகவே மகிழ்கிறேன். ஆனால் உன் அணிக்குப் பலித்த மருந்தை பஃபலோ ஏற்கெனவே இரண்டு தடவை குடித்து, இரண்டு தடவையும் நோய் கூடிப் படுத்த அணி என்பதை நீ மறந்துவிட்டாய்.

2013 முதல் 2022 வரையான பத்து டிராஃப்ட்டுகளை எடுத்துப் பார். அந்தப் பத்து ஆண்டுகளிலும், ஒரு ஆண்டுகூடத் தவறாமல், பஃபலோ முதல் பத்து இடங்களுக்குள் ஒரு வீரனைத் தெரிவு செய்திருக்கிறது. ரிஸ்டோலைனன், ரைன்ஹார்ட், ஐக்கல், அலெக்சாண்டர் நைலாண்டர், மிட்டல்ஸ்டாட், டாலீன், கசன்ஸ், குவின், பவர், சவோய். இவர்களில் டாலீனும் பவரும் தத்தம் ஆண்டில் முதலாவது ஆள். ரைன்ஹார்ட்டும் ஐக்கலும் இரண்டாவது ஆள். இத்தனை செல்வம் வேறெந்த அணிக்குக் கிடைத்தது? ஆனால் அந்தப் பத்துப் பேரில் இன்றைக்கு பஃபலோ சட்டை அணிபவர்கள் டாலீன், குவின், பவர் என்ற மூவர் மட்டுமே. பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓஃப் ஆட்டத்தைக் காணாமல் 14 பருவங்கள் தொடர்ந்து கழிந்துவிட்டன. என்.எச்.எல். என்ற இந்த ஹொக்கி லீக்கின் வரலாற்றில் வேறெந்த அணியும் இவ்வளவு காலம் வெளியே நின்றதில்லை.

ஆகவே இந்த அணிக்குக் குறைந்தது தெரிவுகள் என்று நீ சொல்லும்போது என்னால் ஏற்க முடியவில்லை. தெரிவு செய்த பிள்ளைகளை வளர்த்து, அவர்கள் ஆளாகும் நேரத்தில் அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் இந்த அணியின் நோய். வேறு அணியிலிருந்து வாங்கிய ஓ’ரைலியைக்கூட 2018இல் செயின்ட் லூயிசுக்குக் கொடுத்தார்கள். மறு ஆண்டே அவர் லீக் வாகையருக்கான ஸ்ரான்லி கிண்ணத்தையும், பிளேஓஃபின் சிறந்த வீரருக்கான கொன் ஸ்மைத் விருதையும் வென்றார். ஐக்கல் சிகிச்சை பற்றிய பிணக்கில் 2021இல் வேகஸ் போனார், 2023இல் கிண்ணம் தூக்கினார். அதே 2021இல் ஊதியப் பேச்சு முடியாமல் போன கோல் காப்பாளர் உல்மார்க், பொஸ்ரனில் 2023ஆம் ஆண்டின் சிறந்த கோல் காப்பாளருக்கான வெசினா விருதைப் பெற்றார். ரைன்ஹார்ட் புளோரிடாவுக்குப் போய் ஒரே பருவத்தில் 57 கோல் அடித்தார். இந்த ஜூனில் எட்மன்ரனுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் அவர் நான்கு கோல் அடித்தபோது நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். அணித் தலைவராக இருந்த ஒக்போசோகூட, வயது முதிர்ந்த நிலையில் 2024 மார்ச்சில் புளோரிடாவுக்குப் போய், மூன்று மாதத்தில் கிண்ணத்தோடு ஓய்வு பெற்றார். நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோமே, விதைநெல்லைக் குற்றிச் சாப்பிட்ட வீடு என்று. அந்த வீடு இதுதான்.

கடைசி இடத்தில் கிடப்பது பற்றி நீ மிக எளிதாக எழுதியிருக்கிறாய். அதன் விலை என்ன என்பதை நான் நேரில் பார்த்தவன். 2015 மார்ச் 26ஆம் திகதி, மகனையும் கூட்டிக்கொண்டு பீஸ் பாலத்தைக் கடந்து பஃபலோவுக்குப் போனேன். அவனுக்கு அப்போது 13 வயது. அந்த ஆண்டு எல்லோர் வாயிலும், டிராஃப்ட்டுக்கு வரவிருந்த கொனர் மக்டேவிட் என்ற ஒரே பெயர். பஃபலோ கடைசி இடத்தில் முடித்தால் அவன் வருவான் என்ற கணக்கு. கடைசி இடத்துக்குப் போட்டியாக நின்ற அரிசோனாதான் அன்றைக்கு எதிரணி. ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போனது. அரிசோனாவின் சாம் கக்னர் பஃபலோ வலைக்குள் பக் என்ற ரப்பர் வட்டை அனுப்பியதும் எங்களைச் சுற்றியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சொந்த அணியின் நீலச் சட்டையை அணிந்துகொண்டு, சொந்த அணி தோற்றதற்காக. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர் தன் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். கீழே பஃபலோ வீரர்கள் தலையைக் குனிந்தபடி, பனித்தரையைப் பார்த்துக்கொண்டே கதவை நோக்கிச் சறுக்கினார்கள். ஒருவன் மட்டும் நின்று, நிமிர்ந்து மேல்தட்டு வரிசைகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான். மகன் என் சட்டைக் கையைப் பிடித்து, “அப்பா, ஏன் கைதட்டுகிறார்கள்?” என்று கேட்டான். முதல் தெரிவு யாருக்கு என்று குலுக்கும் லொத்தரில் கடைசி அணிக்கே அதிக வாய்ப்பு என்ற கணக்கை அவனுக்கு நான் விளங்கப்படுத்தினேன். விளங்கப்படுத்தும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் உள்ளுக்குள் நானும் அந்தத் தோல்வியை விரும்பியவன்தான்.

அந்த லொத்தரில் நடந்தது உனக்கும் தெரியும். பஃபலோவுக்கு 20 சதவீத வாய்ப்பு, எட்மன்ரனுக்கு 11.5 சதவீதம். மக்டேவிட் எட்மன்ரனுக்குப் போனான். அதற்கு முந்திய ஆண்டும் பஃபலோ கடைசி இடம், அப்போது லொத்தரை வென்றது புளோரிடா. இப்போதைய விதிப்படி கடைசி அணிக்கு முதல் தெரிவு கிடைக்கும் வாய்ப்பு 25.5 சதவீதம், அதாவது நான்கில் ஒன்று. இந்த ஆண்டு 3.5 சதவீத வாய்ப்போடு நின்ற நியூயோர்க் ஐலண்டர்ஸ் அல்லவா முதலிடத்துக்குத் தாவி மத்தியூ ஷேஃபரை எடுத்தது? இரண்டு ஆண்டு தோற்பதற்கு ஒரு அணியைப் பழக்கிவிட்டு, நான்கில் ஒரு வாய்ப்பை நம்பியிருப்பதை நான் திட்டம் என்று சொல்லமாட்டேன். தோல்வி பழகிய அறைக்குள் 18 வயதுப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால் அவன் எதைக் கற்பான்? ஓ’ரைலி பஃபலோவை விட்டுப் போவதற்குச் சற்று முன்பு, ஆட்டத்தின் மீதிருந்த காதலே தனக்குச் சில நேரங்களில் அற்றுப்போனதாக வெளிப்படையாகச் சொன்னார். அவரைப் போல உழைக்கும் ஒருவரே அப்படிச் சொன்னார் என்றால், மற்றவர்கள் சொல்லாமல் விட்டது எவ்வளவு இருக்கும்?

இனி உன் அணிக்கு வருகிறேன். மொன்றியல் 2021–22இல் கடைசியாக முடித்தது உண்மை. லொத்தரை வென்று, உங்கள் ஊர் அரங்கிலேயே ஸ்லாஃப்கோவ்ஸ்கியை முதலாவதாக எடுத்ததும் உண்மை. ஷேன் றைட்டை ஏன் எடுக்கவில்லை என்று அன்றிரவு நீ தொலைபேசியில் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. 2023இல் மிச்கோவை விட்டுவிட்டு ரைன்பாகரை எடுத்தபோது ஒரு வாரம் நீ என்னோடு சரியாகப் பேசவே இல்லை. ஆனால் உன் அணியை நிமிர்த்தியவர்களை எண்ணிப் பார். அணித் தலைவர் சுசுக்கி 2018இல் வேகசிலிருந்து கைமாறி வந்தவர். கோஃபீல்ட் 2019இல் 15ஆவது தெரிவு. அணியைக் கலைப்பதற்கு முன்பே இருவரும் அங்கே இருந்தார்கள், அவர்களை எவரும் விற்கவில்லை. சவார்ட் போன்ற மூத்த தற்காப்பு வீரர் இளையவர்களின் பக்கத்தில் நின்று, அவர்களுடைய பிழைகளையெல்லாம் தன் உடம்பால் மறித்துக்கொண்டே ஓய்வு பெறும் வயதுவரை ஆடினார். லேன் ஹட்சனை எடுத்தது 62ஆவது இடத்தில். சிறிய உடம்பு என்று எல்லா அணிகளும் தாண்டிப் போன பையன், தன் முதலாவது முழுப் பருவத்தில் 66 புள்ளி எடுத்து, சிறந்த புதுமுக வீரருக்கான கால்டர் விருதை வென்றான். அவனைப் பெறுவதற்கு எவரும் கடைசி இடத்தில் கிடக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு எண் என்னை விடாமல் துரத்துகிறது. மொன்றியல் சென்ற பருவத்தில் எடுத்தது 91 புள்ளி. அதனால் பிளேஓஃபுக்குள் நுழைந்தது. பஃபலோ 2022–23இல் எடுத்ததும் அதே 91 புள்ளி. ஒரு புள்ளியால் வாசலில் நின்றது. 92 எடுத்து உள்ளே போன புளோரிடா அந்த ஆண்டு இறுதிப் போட்டி வரைக்கும் போனது. அந்த வாசலில் நின்ற இரண்டு அணிகளும் அடுத்து என்ன செய்தன என்பதில்தான் முழு வேறுபாடும் இருக்கிறது. மொன்றியல் இந்தக் கோடையில் 16ஆவது, 17ஆவது தெரிவுகள் இரண்டையும் ஹைனமன் என்ற வீரனோடு சேர்த்துக் கொடுத்து, 25 வயதான நோவா டொப்சனை வாங்கியது. தெரிவுகள் கையிலிருப்பது இப்படியான நேரத்தில் செலவழிப்பதற்குத்தான் என்று அங்கே தெரிந்திருக்கிறது. பஃபலோ அந்த 2023 கோடையில் பெரிதாக எதையும் செய்யவில்லை. கோலுக்கு முன்னால் 21 வயதான டெவன் லெவியை நிறுத்தி, ஏழு என்.எச்.எல். ஆட்டங்களே ஆடியிருந்த அந்தப் பிள்ளையின் தோளில் பருவத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு 84 புள்ளி. அதற்கு அடுத்த ஆண்டு 13 ஆட்டங்கள் தொடர்ந்து வெற்றியில்லாமல், 79 புள்ளி.

பிள்ளைகளை வளர்ப்பதற்குக் காலம் வேண்டும் என்பதற்கு பஃபலோவிலேயே சாட்சி இருக்கிறது. ஓ’ரைலிக்குப் பதிலாக வந்தவர்களில் ஒருவன் டேஜ் தொம்சன். மூன்று ஆண்டுகள் அந்த மாற்றத்தைத் திட்டாத ஆளில்லை. 2020–21இல் அவன் அடித்தது 8 கோல். அடுத்த ஆண்டு பயிற்றுநர் கிரனாட்டோ அவனை ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றினார். 38 கோல். அதற்கு அடுத்த ஆண்டு 47. நீ விற்கச் சொல்கிறாயே, அது அந்தத் தொம்சனைத்தான்.

மகன் இங்கே சிறுவர் கழகத்தில் ஆடிய காலத்தில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு அரங்கில் குனிந்திருந்து அவனுடைய சப்பாத்துக் கயிறுகளை இறுக்கிக் கட்டியிருக்கிறேன். கயிறு விரலை வெட்டும். வெளியே இருட்டு. அப்போது ஒரு முதிய பயிற்றுநர் புதிதாக வரும் பிள்ளையை எப்போதும் நிதானமான மூத்த பிள்ளை ஒருவனோடு சோடி சேர்த்துத்தான் இறக்குவார். புதியவன் பக்கைத் தொலைத்தால் மூத்தவன் திரும்பி ஓடி மறிப்பான். இரண்டு மாதத்தில் புதியவன் பயமில்லாமல் ஆடுவான். பஃபலோ பல ஆண்டுகளாக லீக்கின் மிக இளைய அணிகளில் ஒன்றாக இருந்துவருவது பெருமைக்குரிய செய்தியாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அது மூத்தவன் இல்லாமல் இறக்கிவிடப்பட்ட பிள்ளைகளின் கூட்டமாகத்தான் தெரிகிறது.

ஆகவே நான் அந்த அணியின் பொது முகாமையாளராக இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டாயே, சொல்கிறேன். டாலீனைத் தொடமாட்டேன். டக்கின் ஒப்பந்தம் வரும் பருவத்தோடு முடிகிறது. சிரக்கியூஸ் பக்கத்தில் பஃபலோ ரசிகனாகவே வளர்ந்து, வேகசிலிருந்து வந்தபோது முகம் மலர்ந்து வந்த மனிதன் அவன். அவனை இப்போதே இருத்தி வைத்து ஒப்பமிடச் செய்வேன். ஐக்கலுக்கும் உல்மார்க்குக்கும் நடந்தது போல ஊதியத்தையோ சிகிச்சையையோ வைத்து இழுபட்டு இன்னொருவனை இழக்கமாட்டேன். முப்பது வயதைத் தாண்டிய, பிளேஓஃப் ஆடிப் பழகிய இரண்டு மூன்று பேரை, அதற்கு முதல் சுற்றுத் தெரிவு ஒன்று போனாலும் சரி, கொண்டுவருவேன். இந்த ஜூனில் 9ஆவதாக எடுத்த ராடிம் முர்ட்காவை, எவ்வளவு உயரமானவனாக இருந்தாலும், அவசரப்பட்டு மேலே கொண்டுவரமாட்டேன். பஃபலோவின் துணை அணியான ரொச்சஸ்ரர் இருக்கிறது, அது நாற்றங்கால். நாற்று வேர் பிடிக்கும்வரை அங்கேயே நிற்கட்டும். தாம்பாபே அணி 58ஆவதாக எடுத்த குச்செரோவையும் 79ஆவதாக எடுத்த பொயின்ரையும் கொண்டு இரண்டு கிண்ணம் வென்றது. டெட்ரோயிற் 171ஆவதாக டாட்சுக்கையும் 210ஆவதாக சேட்டர்பெர்க்கையும் ஐரோப்பாவில் தேடி எடுத்தது. வீரர்களைத் தேடும் ஆட்களுக்கு நல்ல சம்பளம் கொடுத்து, அவர்களை ஐந்தாறு ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருந்தால் இப்படியானவர்கள் அகப்படுவார்கள். பஃபலோ 2020இல் அந்தப் பிரிவில் பெரும்பாலானோரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

நாம் இருவரும் அந்த நிலக்கீழ் அறையில், ஏரியல் கம்பியில் வெள்ளித்தாளைச் சுற்றி, பஃபலோ கோல் காப்பாளர் ஹாஷெக்கின் ஆட்டங்களைப் பார்த்த சனிக்கிழமை இரவுகளை நீ மறந்திருக்கமாட்டாய். தடியைக் கைவிட்டுவிட்டு, பனியில் புரண்டு, காலை உயர்த்தி அவர் பக்கைத் தடுக்கும்போது நீ மொன்றியல் ரசிகனாக இருந்தும் எழுந்து நிற்பாய். அவரை 1983இல் சிக்காகோ எடுத்தது 199ஆவது இடத்தில். பஃபலோவுக்கு வந்தபோது அவருக்கு 27 வயது. எவருடைய லொத்தர் கணக்கிலும் இல்லாத மனிதர் 1999இல் எங்களை இறுதிப் போட்டி வரை தூக்கிச் சென்றார்.

நீ இதற்கும் ஒரு மறுப்பு வைத்திருப்பாய் என்று தெரியும். டக்கை வைத்திருப்பதா, பெப்ரவரியில் விற்பதா என்பதற்கு மட்டும் நேரடியாக மறுமொழி எழுது, வேறு அணிகளின் கதையைக் கொண்டுவந்து வழுக்காதே. மொன்றியல் அணி பஃபலோவுக்கு வரும் முதல் ஆட்டத்துக்கு இரண்டு சீட்டு எடுத்துவைக்கிறேன். ரயிலில் ரொறன்ரோவுக்கு வந்துவிடு, அங்கிருந்து நான் காரில் கூட்டிப்போகிறேன். அன்றைக்கு மேல்தட்டு வரிசைதான் எடுப்பேன், 2015இல் நானும் மகனும் இருந்த அதே பக்கத்தில்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்