தண்ணீர் எங்கே போகிறது?

நாமக்கல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். அடுப்படிப் பக்கம் கொஞ்ச நாள் போகாமல் பார்த்துக்கொள். இங்கே கடலைக்கு மழை போதவில்லை. மற்றபடி எல்லோரும் சுகம்.

பழைய லாரி இன்னும் இருக்கிறதா, தள்ளிவிட்டாயா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் நடுவில் ஒரு வியாதி வந்து எல்லோரையும் அலையவிட்டது. உன் டிப்பருக்கும் ஏறக்குறைய அதே வயது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

கூலண்ட், அதாவது இஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைத் தண்ணீர், குறைந்துகொண்டே வந்தது. லோடு இல்லாமல் உள்ளூரில் ஓடினால் அவ்வளவாகத் தெரியாது. சேலம் தாண்டித் தொப்பூர் மேடு ஏறி, தருமபுரியில் நிறுத்திப் பார்த்தால் ரேடியேட்டர் பாதிக்குக் கீழே இருக்கும். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. "பழைய வண்டி தண்ணி குடிக்கத்தான் செய்யும், ஊத்திக்கிட்டே ஓட்டுங்க" என்றார்கள். இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இஞ்சின் தண்ணீரைக் குடிக்காது. எங்கேயோ ஒரு வழியாகப் போகிறது, அந்த வழியைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் செலவில்லாத இடங்களைப் பார்த்தோம். ரேடியேட்டர் மூடி சின்னச் சாமான் என்று யாரும் மதிப்பதில்லை. உள்ளே ஒரு பார் அழுத்தத்தை அது தாங்கிப் பிடித்தால்தான் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் நூறிலேயே கொதித்து ஆவியாகப் போய்விடும். புது மூடி போட்டோம், மாற்றமில்லை. அப்புறம் விடியற்காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, டார்ச் அடித்து ஹோஸ், கிளாம்ப், வாட்டர் பம்புக்கு அடியிலிருக்கும் சின்ன ஓட்டை எல்லாம் பார்த்தோம். சூடான இரும்பில் கசிந்த தண்ணீர் கீழே விழுவதற்குள் ஆவியாகிவிடும், பச்சைக் கறை மட்டும் மிஞ்சும். அந்தக் கறையும் எங்கும் இல்லை.

ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு மாட்டிக் காற்றடித்து வைத்தோம். அழுத்தம் காட்டும் முள் மெதுவாக இறங்கியது, வெளியே மட்டும் கசிவே இல்லை. தண்ணீர் உள்ளுக்குள்ளேதான் போகிறது என்பது அப்போது உறுதியாயிற்று. ஆயில் ஸ்டிக்கை உருவினால் ஆயில் கறுப்பாகச் சுத்தமாக இருந்தது. சிலிண்டருக்குள் இருக்கும் லைனரோ, அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான ஓரிங்கோ போயிருந்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கும். தண்ணீர் இஞ்சினுக்குள் எரிந்தால் வரும் வெள்ளைப் புகையும் சைலன்சரில் இல்லை. ஆனால் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் குமிழி குமிழியாக வந்தது.

குமிழியைப் பார்த்ததும் ஒரு பட்டறையில், "ஹெட் கேஸ்கெட்தான், ஹெட்டை இறக்கிவிடலாம்" என்றார்கள். இஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடுதான் அது. கேஸ்கெட், ஹெட் ஃபேசிங், கூலி, வண்டி நிற்கும் நாட்கள் என்று எவ்வளவு ஆகும் என்று உனக்கே தெரியும். நம் பழைய மெக்கானிக்தான் பொறுங்கள் என்றார். அவரிடம் ஒரு நீலத் திரவம் இருக்கிறது. ரேடியேட்டரிலிருந்து வரும் காற்றை அதற்குள் செலுத்தினால், இஞ்சின் புகை கலந்திருந்தால் நிறம் மாறும். மாறவில்லை. அப்படியானால் வருவது புகை இல்லை, வெறும் காற்று. வண்டியில் காற்று உண்டாக்குவது எது? பிரேக்குக்காகக் காற்றை அழுத்தி டேங்கில் சேர்க்கும் ஏர் கம்ப்ரஸர்!

அதன் ஹெட்டுக்குள்ளும் இஞ்சின் தண்ணீர்தான் ஓடுகிறது என்பதை எத்தனையோ பேர் மறந்துவிடுகிறார்கள். அவர் செய்த சோதனையை நீயே செய்து பார்க்கலாம். ஏர் அழுத்தம் 8 கிலோ ஏறும்வரை குமிழி வந்தது. டேங்க் நிறைந்ததும் கம்ப்ரஸரின் வேலையை நிறுத்தும் அன்லோடர் வால்வு 'புஸ்' என்று விட்டதும் குமிழி நின்றது. பிரேக்கை நாலைந்து முறை மிதித்து ஏரை இறக்கியதும் கம்ப்ரஸர் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தது, குமிழியும் வந்தது. அந்த நிமிஷம் எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

அப்புறம் ஏர் டேங்கில் தேங்கும் ஈரத்தை வடிக்கும் டிரெயினைத் திறந்தோம். சாதாரணமாக வரும் ஈரம் இல்லை, பச்சையாக, விரலில் வழுவழுப்பாகக் கூலண்டே வந்தது. ஓடும்போது கம்ப்ரஸர் காற்று தண்ணீருக்குள் புகுந்து, ஓவர்ஃப்ளோ வழியாகத் தண்ணீரைத் தள்ளியிருக்கிறது. அதெல்லாம் ஓடும் வழியிலேயே சிந்திப்போனதால்தான் நின்ற இடத்தில் ஈரம் இல்லை. வண்டி நின்றபின் மிச்ச அழுத்தத்தில் தண்ணீர் கம்ப்ரஸருக்குள் இறங்கி, மறுநாள் காற்றோடு டேங்குக்குப் போயிருக்கிறது. பிரேக் வால்வுகளின் கிரீஸைக் கழுவிக்கொண்டு பிரேக் லைனில் தண்ணீர் ஓடியிருக்கிறது, மாப்ளே. அதே தொப்பூரில் லோடோடு கீழே இறங்கி வந்திருக்கிறோம் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

கம்ப்ரஸர் ஹெட்டைக் கழற்றினால், தண்ணீர் வழிக்கும் காற்று வழிக்கும் நடுவே கேஸ்கெட் கருகி இருந்தது. ஏன் கருகியது என்று அவர் விடாமல் தேடினார். கம்ப்ரஸரிலிருந்து காற்றை வெளியே கொண்டுபோகும் டெலிவரி பைப்பில் கரி அடைத்து, துவாரம் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருந்தது. காற்று போக வழியில்லாமல் சூடேறி கேஸ்கெட்டைத் தின்றிருக்கிறது. பைப்பை மாற்றாமல் கேஸ்கெட் மட்டும் போட்டிருந்தால் அதுவும் சீக்கிரமே போயிருக்கும். கம்ப்ரஸர் ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேசிங் செய்து, அதாவது முகப்பைச் சமமாக்கி, புது கேஸ்கெட்டும் புது பைப் போட்டு, டேங்குகளை வடித்து, பிரேக் வால்வுகளுக்கு ரப்பர் கிட் மாற்றினோம். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்றியிருக்கிறேன். போர் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டரில் உப்புப் படியும். இப்போது தருமபுரியில் நிறுத்திப் பார்த்தாலும் ஊற்றிய அளவு அப்படியே நிற்கிறது.

உன் டிப்பரிலும் தண்ணீர் குறைகிறது என்று போன கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய். அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன்னால் ஏர் டேங்க் டிரெயினைத் திறந்து, என்ன நிறத்தில் வருகிறது என்று பார். பச்சையாக இருந்தால் வண்டியை எடுக்காதே, எனக்கு உடனே போன் செய். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கே வருகிறேன்.

ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை வல்வில் ஓரி விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். தங்கச்சியையும் பிள்ளைகளையும் அழைத்து வா. என்றைக்குக் கிளம்புகிறாய் என்று முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
உன் மச்சான்