அட்டவணையில் வாசல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பின்தங்கிய குடியிருப்புகளில் குடும்பங்களை மதிப்பிடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. "மூன்று வயதுப் பிள்ளையை வாசல் தாண்ட விடாத தாய் அதன் தன்னாட்சியை முடக்குகிறாள்" என்றொரு வரி. எழுதியவர் அப்படியொரு வாசலில் நின்றதுண்டா? களப்பணியில் நான் நின்றிருக்கிறேன். படியை உரசிக்கொண்டு லாரி போகும். பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே இழுக்கும் தாய்க்கு அப்போது வேண்டியது பிள்ளையின் உயிர்.

உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950-இல் வெளியிட்ட நூலில் மனித வளர்ச்சியின் எட்டுப் பருவங்களை விளக்கியது தாங்கள் அறியாததல்ல. அவற்றைக் கட்டுரையின் அட்டவணையில் 'தேர்ச்சி', 'தோல்வி' என்று பிரித்துக் கட்டம் போட்டிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. கொஞ்சம் அவநம்பிக்கையும் குழந்தைக்குத் தேவை என்றவர் அவர். பருவங்களைச் சாதனைப் பட்டியலாக்குவதைக் கண்டித்தவரும் அவரே. யாரிடம் போகலாம், யாரிடம் போகக்கூடாது என்று நாலு வயதிலேயே தெரிந்துவைத்திருக்கும் பிள்ளை உங்கள் அட்டவணையில் 'தோல்வி'!

இது இன்று தொடங்கியதல்ல. நான் வேலை பார்த்த இடத்துப் படிவத்தில் 'குடும்பம் ஒத்துழைக்கவில்லை' என்று ஒரு கட்டம் உண்டு. கதவு திறக்காவிட்டால் அதில் டிக் அடித்துவிட்டுத் திரும்பலாம். எனக்கு முன்னால் அந்தக் கதவைத் தட்டியவர்கள் வட்டி கேட்டு வந்தவர்களும் வீட்டைக் காலி செய்யச் சொன்னவர்களும். கையில் ஃபைலோடு நானும் போய் நின்றால் யார் திறப்பார்கள்? இதை ஓரத்தில் எழுதிவைத்தேன். படிவத்துக்கு வெளியே எழுதக்கூடாது என்று மேலதிகாரி திருப்பி அனுப்பினார்.

தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டி, சமைத்துப்போட்டுவிட்டுப் பள்ளிக்குத் தாமதமாக வரும் பத்து வயதுப் பெண்ணை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? வீட்டில் அவள் திறமைசாலி, வகுப்பில் மக்கு. அறிக்கையில் ஏறுவது இரண்டாவது மட்டும். அவள் சுமையைப் போற்றச் சொல்லவில்லை. அது அவளை அரிக்கிறது. ஆனால் அரிப்பது எது என்று எழுத வேண்டாமா? பதினாறு வயதில் வேலைக்குப் போகிற பையனுக்கு 'அடையாளத் தேடல் இல்லை' என்கிறது கட்டுரை. தேடிப் பார்க்க இளைஞர்களுக்கு அவகாசம் வேண்டும் என்று எரிக்சன் சொன்னது உண்மை. அந்த அவகாசத்துக்கு யாராவது சம்பாதித்துப் போட வேண்டுமே, ஐயா.

1930களின் இறுதியில் எரிக்சன் அமெரிக்காவின் சூ பழங்குடியினர் வாழும் பகுதிக்கே போனார். பிள்ளைகள் மந்தமானவர்கள் என்று ஆசிரியர்கள் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. காட்டெருமை மந்தைகளும் நிலமும் அந்த மக்களிடமிருந்து போன வரலாற்றையும் சேர்த்தே பார்த்தார். உங்கள் கட்டுரையாளர் அந்தப் பக்கங்களைப் புரட்டவில்லை போலும்.

இதே கட்டுரையாளர் 'பொறுப்பற்ற பெற்றோர்' பற்றி முன்பு எழுதியபோதும் கடிதம் போட்டேன். வெளியாகவில்லை. இடநெருக்கடி இருந்திருக்கும்.

இப்போது கேட்பது ஒன்றுதான். அட்டவணைக்கு அடியில் 'களப்பணியாளர்கள் பிரதி எடுத்துப் பயன்படுத்தலாம்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டுமாவது அடுத்த இதழில் திரும்பப் பெறுங்கள். சின்ன எழுத்தில் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூகப் பணியாளர் ஒருவர்