இருபுறமும் தும்பை

அன்புள்ள மணிக்கு,

இங்கு எல்லோரும் நலம். பதில் போடாமல் இருந்ததற்கு நீ திட்டிக்கொண்டிருப்பாய். திட்டி முடித்துவிட்டு மேலே படி.

கேப்டன் வந்திருந்தான். ஏதோ போர்ப் படம் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்து, "அவ்வளவு புழுதியில் யாரை வெட்டுவது, யாரை விடுவது என்று எப்படித் தெரியும்?" என்றான். அவன் கேட்டுவிட்டுப் போய்விட்டான், எனக்குத்தான் தூக்கம் போச்சு.

சீருடை இருக்குமே என்பாய். அதெல்லாம் பிற்பாடு வந்தது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் ஒரே நிறச் சட்டை இரண்டு பக்கமும் இருந்தது. அதனால் அன்றன்றைக்கு ஓர் அடையாளம் பேசிவைப்பார்கள். 1644இல் மார்ஸ்டன் மூர் சண்டையில் மன்னரை எதிர்த்த பாராளுமன்றப் படையினர் தொப்பியில் வெள்ளைக் கைக்குட்டையோ காகிதமோ செருகிக்கொண்டார்கள். அவர்களின் தளபதி ஃபேர்ஃபாக்ஸ் தன் ஆட்கள் சிதறிப்போய் எதிரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். தொப்பியிலிருந்த வெள்ளையைப் பிடுங்கி எறிந்தார், எதிரிப் படைக்குள்ளேயே குதிரையை ஓட்டிக்கொண்டு மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார். யாரும் தடுக்கவில்லை! நம் பரீட்சை அறைச் சூரப்புலி நினைவுக்கு வருகிறானா?

ஆனால் என்னை ஆட்டிவைத்தது அதே இங்கிலாந்தில் அதற்கு முன்பு நடந்த பார்னெட் சண்டை. 1471 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு, விடிகாலை, கெட்டியான மூடுபனி. எட்வர்ட் மன்னரை எதிர்த்தவர் வாரிக் பிரபு. அவர் பக்கம் நின்ற ஆக்ஸ்ஃபோர்ட் பிரபுவின் ஆட்கள், மன்னரின் ஒரு பக்கப் படையை அடித்து விரட்டிக்கொண்டு ஊருக்குள் போய், கொள்ளையும் அடித்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். அதற்குள் சண்டை வரிசையே திரும்பிவிட்டது. பனிக்குள்ளிருந்து அவர்கள் வெளிப்பட்ட இடத்தில் நின்றது சொந்தப் படை. ஆக்ஸ்ஃபோர்டின் சின்னம் கதிர் வீசும் நட்சத்திரம். எட்வர்டின் சின்னம் கதிர் வீசும் சூரியன். பனியில் எது எதுவென்று யார் கண்டது? அம்பு பறந்தது. "துரோகம், துரோகம்" என்று கத்தல். அதோடு வாரிக்கின் படை குலைந்தது, அவரும் தப்பியோடும்போது கொல்லப்பட்டார். சூரியனும் ஒரு நட்சத்திரம்தான் என்று வாத்தியார் சொன்னபோது நாம் கொட்டாவி விட்டோம், ஞாபகமிருக்கிறதா?

கண்ணை நம்ப முடியாவிட்டால் காதை நம்பலாமே என்று தோன்றும். கி.மு. 413இல் சிசிலித் தீவின் சிராகியூஸ் நகரில் ஏதென்ஸ்காரர்கள் நிலா வெளிச்சத்தில் தாக்கினார்கள். எதிரே ஆள் தெரிகிறான், நம்மாளா என்று தெரியவில்லை. ஆளுக்கு ஆள் அடையாளச் சொல்லைக் கேட்டுக் கேட்டே அதை எதிரிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். போதாததற்கு அவர்களோடு வந்த ஆர்கோஸ்காரர்களின் போர்ப்பாட்டு எதிரியின் பாட்டைப் போலவே இருந்தது. தங்கள் பக்கத்துப் பாட்டைக் கேட்டே நடுங்கினார்கள்.

நம் ஆட்கள் பூவை நம்பினார்கள். சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. தொலைவிலிருந்தே தெரியும், மலிவும்கூட. ஆனால் உறையூரில் நெடுங்கிள்ளி கோட்டைக்குள் அடைபட்டிருக்க, வெளியே முற்றுகை போட்டவன் நலங்கிள்ளி. இரண்டு பேரும் சோழர்கள். நடுவில் போய் நின்று கோவூர்கிழார் சொன்னதைப் புறநானூற்றில் எடுத்துப் பார். உன்னோடு பொருபவன் பனந்தோடு சூடியவன் அல்லன், வேப்பந்தார் அணிந்தவனும் அல்லன். உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி. உங்களில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார். ஊரைக் கூட்டி உபதேசம் செய்யவில்லை, தலையில் இருந்த பூவைக் காட்டினார், அவ்வளவுதான்.

நீயும் உன் அண்ணனும் அந்த வீட்டு விஷயத்தில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பதாகக் கேப்டன் சொன்னான். நான் புலவன் இல்லை, பஞ்சாயத்துக்கும் வரமாட்டேன். அண்ணன் உன்னைச் சைக்கிள் பின்னால் வைத்து மிதித்த காலத்தைப் பார்த்தவன் என்பதால் மனசு கேட்கவில்லை, எழுதிவிட்டேன். கோபம் வந்தால் அடுத்த கடிதத்தில் திட்டு.

சரி, ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. முற்றுகை போடுபவன் உழிஞை, கோட்டையைக் காப்பவன் நொச்சி, அது புரிகிறது. நேருக்கு நேர் மோதும்போது மட்டும் இரு பக்கமும் தும்பையே சூடுவார்களாமே? அப்புறம் எப்படித்தான் ஆளைக் கண்டுபிடித்தார்கள்? தமிழய்யா உன் பக்கம்தானே இருக்கிறார், கேட்டு எழுது. கேப்டனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்புடன்,
ராஜு