நிழலில் வெள்ளை கலக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

இருட்டறையில் தனியே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை எண்ணெய் வண்ணத்தில் தீட்ட ஆசைப்படுகிறாய். அதற்குப் பெட்டி நிறைய டியூப் வேண்டாம். டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள், காட்மியம் சிவப்பு, ஐவரி கறுப்பு, இந்த நாலும் போதும். சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் 1896இல் தீட்டிய தன்னுருவப் படத்தில், கையில் பிடித்திருக்கும் வண்ணத் தட்டில் கிட்டத்தட்ட இவைதான் இருக்கின்றன. சிவப்பு மட்டும் வேறு, வெர்மிலியன் என்பது. நீலம் இல்லையே என்று தயங்காதே. கறுப்பில் வெள்ளை கலந்து தோல் நிறத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார், நீலமாகவே தெரியும். கறுப்பும் ஓக்கரும் சேர்ந்தால் பாசிப் பச்சை.

அடிப்பூச்சுக்கு மட்டும் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு ஒன்று வாங்கிக்கொள். அடியில் கறுப்பு ஆகாது, மெதுவாகக் காயும். அதன்மேல் சீக்கிரம் காயும் பூச்சு ஏறினால் பின்னாளில் வெடிப்பு விடும். அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துக் கேன்வாஸ் முழுக்கத் தேய். கண்ணைச் சுருக்கி ஆளைப் பார்த்து, வெளிச்சம் விழும் இடங்களைத் துணியால் துடைத்தெடு. காய்ந்த பிறகுதான் வண்ணம்.

தோலின் வெளிச்சத்துக்கு வெள்ளை நெல்லிக்காய் அளவு, ஓக்கர் அதில் பாதி, சிவப்பு மிளகளவு என்று தொடங்கு. சிவப்புக்கு வீரியம் அதிகம், பார்த்துச் சேர். நிழலுக்குச் சிவப்பு, கறுப்பு, கொஞ்சம் ஓக்கர். மெல்லிசாகப் பூசு, அடியிலுள்ள அம்பர் தெரியட்டும். நிழல் கறுத்துவிட்டதே என்று வெள்ளையைத் தொட்டால் முகத்தில் சாம்பல் பூசியது போலாகிவிடும். படம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஓக்கரும் சிவப்பும் சேர்த்தே வெளுப்பாக்கு.

தாடைக்குக் கீழே, நிழல் கழுத்தில் இறங்கும் விளிம்பைக் கவனி. ஈரம் காயுமுன் உலர்ந்த தூரிகையால் ஒரே ஒரு தரம் இழு. கழுத்து பின்புலத்தோடு கரைந்துவிடும். கன்னத்தெலும்பில் மட்டும் ஒரு கூர்மையான விளிம்பை விட்டுவை. படத்தின் மௌனமெல்லாம் இந்த இரண்டு விளிம்புகளில்தான் இருக்கிறது.

கறுப்பு சில இடங்களில் வெளிறி மங்கினால் மேலும் கறுப்பு பூசாதே. எண்ணெயை அடித்தளம் உறிஞ்சியிருக்கும், அவ்வளவுதான். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும், ஆளி விதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவில் கலந்து லேசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடு. அந்தத் துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிடாதே, தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவிடு.

அன்புடன்,
அண்ணன்