பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் மேகசின்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் மேகசின்களை (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கிக்குள் செருகும் பெட்டி) தயாரிக்கவோ விற்கவோ வெளியிலிருந்து கொண்டுவரவோ கூடாது என்று வாஷிங்டன் மாநிலத்தில் 2022 ஜூலை 1 முதல் சட்டம் இருக்கிறது. இருந்தும் வாரம் தவறாமல் யாராவது வந்து கேட்கிறீர்கள். டெக்சாஸில் இருந்துவிட்டு வேலை மாறி ரெட்மண்ட், பாத்தல் பக்கம் குடிவந்திருக்கும் நம் ஆட்கள்தான் அதிகம். சிலருக்குக் கோபமே வந்துவிடுகிறது. கவுன்டரில் நின்றுகொண்டு அவசரமாகப் பதில் சொல்வதைவிட, விவரமாக எழுதிவிடுகிறோம்.

அந்தக் கோபம் எங்களுக்கும் புரிகிறது. கிளாக் 17 வழக்கமாகப் பதினேழு தோட்டா மேகசினோடு வரும் துப்பாக்கி. எங்களிடம் வாங்கிப் பெட்டியைத் திறந்தால் பத்துதான். கையில் எடுத்துப் பார்த்தால் அதே நீளம், பிடிக்குள் அதே மாதிரி போய் உட்காரும். உள்ளே மட்டும் இடத்தைக் குறுக்கியிருப்பார்கள். பதினோராவது தோட்டாவை அழுத்திப் பார்த்துவிட்டு "மேகசின் பழுதா?" என்று கேட்டவர்கள் உண்டு. பழுது இல்லை, இங்கே விற்கக்கூடியதே அதுதான்.

2025 மே 8 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இப்படிப்பட்ட மேகசின், அரசியலமைப்பு பாதுகாக்கும் 'ஆயுதம்' ஆகாது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. துப்பாக்கி வைத்திருப்பவர்களை அதிகம் உறுத்துவது இதுதான். மேகசின் இல்லாமல் அந்தத் துப்பாக்கி என்னத்துக்கு ஆகும் என்று கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால், நீதிபதிகளின் வாதத்தில் எங்களுக்கும் முழு உடன்பாடு இல்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களும் காரணமில்லாமல் பேசவில்லை. 2016 ஜூலையில் முக்கில்டியோவில் ஒரு வீட்டு விருந்தில் பத்தொன்பது வயதுப் பையன் மூன்று இளைஞர்களைச் சுட்டுக் கொன்றான். அவன் கையில் இருந்தது முப்பது தோட்டா மேகசின். இது எங்கோ தொலைவில் நடந்தது இல்லை, உங்களில் பலர் படகு ஏறப் போகும் ஊர். தடை கேட்டவர்களை விரோதிகளாகப் பேசுவதை எங்கள் கடைக்குள் நாங்கள் விரும்புவதில்லை.

இந்தத் தீர்ப்புக்கு முன், 2024 ஏப்ரல் 8 அன்று கவுலிட்ஸ் கவுண்டி நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லாது என்றது. வழக்கில் இருந்த கெல்சோ ஊர்க் கடையில் உடனே விற்பனை தொடங்கியது, ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் மாநில உச்ச நீதிமன்றத்திலிருந்து அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை வந்துவிட்டது. அன்று நாங்கள் ஒன்றுகூட விற்கவில்லை என்று சிலருக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. இனிமேல் அப்படி ஒரு நாள் வந்தாலும் நாங்கள் விற்க மாட்டோம். மேல்முறையீடு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.

சரி, எது கூடும், எது கூடாது? 2022 ஜூலைக்கு முன்பே இங்கே முறையாக உங்களிடம் இருந்த மேகசினை நீங்கள் வைத்திருக்கலாம், ஒப்படைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பம்ப் ஸ்டாக் (துப்பாக்கியை விடாமல் வேகமாகச் சுடவைக்கும் பின்கட்டை) விஷயம் அப்படி இல்லை. அதை வைத்திருப்பதே குற்றம். 2019-ல் ஒன்றுக்கு 150 டாலர் கொடுத்து மாநிலக் காவல் துறையே வாங்கிக்கொண்டது. பழைய மேகசினை வெளிமாநிலப் போட்டிக்கு எடுத்துப் போய் அதையே திரும்பக் கொண்டுவரவும் தடையில்லை. ஆனால் ஐடஹோ எல்லையைத் தாண்டிப் போய்ப் புதிதாக வாங்கி வந்தால் அது குற்றம். பத்தைப் பதினேழாக்கும் உதிரி பாகங்களுக்கும் இதே கதிதான். "பார்ட்ஸ் மட்டும் வரவழைத்துக் கொடுங்கள்" என்று எங்களைக் கேட்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் கையால் நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கியில் இருக்கும் குழாய் மேகசினுக்கு விலக்கு உண்டு. வேட்டைக்குப் போகிறவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மீறினால் 364 நாள் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். குடியுரிமை பெற்றவர்களுக்கு அதோடு போகும். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்குத் துப்பாக்கி தொடர்பான ஒரு குற்றத் தீர்ப்பு குடியேற்ற நிலையையே ஆட்டிவிடக்கூடும். நாங்கள் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு முதல் காரணம் அதுதான். பத்து வருடம் வரிசையில் நின்று வாங்கிய கார்டை நாற்பது டாலர் பிளாஸ்டிக் பெட்டிக்காகப் பணயம் வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள், எங்கள் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம்.

இப்போது வீடு மாறி வரத் தயாராகிக்கொண்டிருப்பவர்கள், லாரியில் சாமான் ஏற்றும் முன் மேகசின்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். பத்துக்கு மேல் கொள்வதை அங்கேயே முறைப்படி விற்றுவிட்டு வாருங்கள். துப்பாக்கியோடு கடைக்கு வந்தால், அதற்கு ஏற்ற பத்துத் தோட்டா மேகசினைப் பார்த்துத் தருகிறோம். தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டு, பெட்டியில் வைத்து மூடிக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
கடை நிர்வாகம்