அந்த இரண்டு ஆண்டுகளை யார் எழுதி வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25-க்குப் பிறகு நாம் வாழ்ந்த இரண்டு ஆண்டுகள், நம் கதைகளிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் போதிய தடமின்றி மறைந்து வருகின்றன என்ற வருத்தத்தில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்த ஆண்டு மே 4-ஆம் தேதி, மதுரை மீனாட்சி திருக்கல்யாணத்தைப் பக்தர்கள் இல்லாமல் பட்டர்கள் மட்டும் நடத்த, நாங்கள் அதை வீட்டிலிருந்தே நேரலையில் பார்த்தோம். மங்கல நாண் பூட்டும் நேரத்தில் என் மனைவி தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நின்று, கண்கள் கலங்கப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார். 2020, 2021 ஆகிய இரண்டு சித்திரையிலும் அழகர் வைகைக்கு வரவில்லை. பழைய ஆண்டொன்றின் திருவிழாப் பதிவை ஒருநாள் ஒளிபரப்பியபோது, ஆற்றில் நெருக்கியடித்து நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இப்படி ஒட்டி ஒட்டி நிற்கிறார்களே" என்று பதறியவரும் அவரேதான். பிறந்தது முதல் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே வளர்ந்தவரின் கண்ணுக்கு, சில மாதங்களில் கூட்டமே அச்சமூட்டும் காட்சியாகிவிட்டது.

திரையரங்குகள் மூடிக் கிடந்து, 2020 நவம்பர் 10-ஆம் தேதி பாதி இருக்கைகளுடன் திறந்ததும், அதற்குள் புதுப் படங்கள் நேராகக் கைப்பேசிக்கே வந்துவிட்டதும் பலரும் பேசிய செய்திகள். ஆனால், பங்குனி முதல் ஆடி வரையிலான கோயில் திருவிழாக்களையே ஆண்டு வருமானமாக நம்பியிருந்த கரகாட்டக்காரர்களும் நையாண்டி மேளக் கலைஞர்களும் நாடக நடிகர்களும் அடுத்தடுத்து இரண்டு பருவங்களை இழந்தது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. எங்கள் தெருவில் ராஜபார்ட் வேடம் கட்டும் ஒருவர் தள்ளுவண்டியில் காய்கறி விற்றார். முகக்கவசத்துக்குள்ளிருந்து அவர் கூவிய குரலை வைத்துத்தான் அவரை அடையாளம் கண்டோம்.

படப்பிடிப்புகள் மீண்டும் தொடங்கியபோது, நான் பார்த்த தொடர்களில் ஒருவர் முகத்திலும் கவசம் இல்லை. பொழுதுபோக்கிலாவது பழைய வாழ்க்கையைக் காண மக்கள் ஏங்கியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோய் தணிந்த பிறகும் எழுத்தில் அதே மறைப்பு தொடர்வது சரியாகத் தோன்றவில்லை. 1918-இல் பரவிய இன்ஃபுளுயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. எங்கள் குடும்பத்தில் அதைப் பற்றி எஞ்சியிருப்பதோ, "விஷக்காய்ச்சலில் போனார்கள்" என்ற ஒரே வாக்கியம்.

என் மனைவி ஊரடங்கு நாட்களில் நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறார். "தெரு முனையில் தகரம் அடித்துவிட்டார்கள். பால்காரர் பாக்கெட்டைக் கதவில் மாட்டிவிட்டுப் போகிறார். தம்பி மகள் கல்யாணத்தைப் போனில் பார்த்தோம். வீட்டுக்கே பந்தி இலையைக் கொடுத்தனுப்பினார்கள்" என்கிறது ஒரு தாள். இத்தகைய தாள்களும், கபசுரக் குடிநீர்க் கணக்கு எழுதிய நோட்டுகளும், இ-பாஸ் அச்சுகளும் இன்னும் பல வீடுகளில் இருக்கும். வீடு மாற்றும்போதோ போகிப் பண்டிகையிலோ அவை போய்விடும்.

ஆகவே, வாசகர்களின் இத்தகைய குறிப்புகளை வாரம் ஒருமுறை வெளியிடத் தங்கள் நாளிதழ் ஒரு பகுதி ஒதுக்க வேண்டும் என்றும், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பொது நூலகங்கள் மூலத் தாள்களைப் பெற்றுப் பாதுகாக்க முன்வர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரத்துக்கு என் மனைவியின் தாள்களை அனுப்பித் தர அவர் இசைந்துள்ளார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
மதுரை.